பக்கத்து வீட்டுச் சாவி

பெரிய இறைச்சித் துண்டை நெருப்பிலிருந்து இறக்கியதும் வெட்டக்கூடாது. கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். தட்டோடு சுற்றி நிற்பவர்கள் விடமாட்டார்கள். ஒரு ஓரத்தை மட்டும் கிள்ளிப் பார்க்கிறேன் என்று கத்தியோடு வருவார்கள். அந்த நேரத்தில் வெட்டினால் உள்ளே இருக்கும் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அப்புறம் மெல்லுவது செருப்பைத்தான். சும்மா விடுவதற்கு ஒரு மனசு வேண்டும். இந்தக் குடியிருப்பில் அது எனக்குத்தான் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் வருஷா வருஷம் அந்தக் காவல் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

உட்காருங்கள். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறீர்களே. பக்கத்து வீட்டுக்குக் குடிவரப்போவது நீங்கள்தான் என்று சாமான் வண்டி தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரியும். இரண்டு மெத்தை, ஒரே ஆள். அது உங்கள் சொந்த விஷயம், நான் கேட்கப்போவதில்லை. தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள், இன்று வறுத்தது. வேண்டாமா? சரி, தட்டு அங்கேயே இருக்கட்டும்.

சாவி வழக்கத்தைக் கீழ்வீட்டில் சொல்லித்தானே உங்களை இங்கே அனுப்பினார்கள்? நல்ல வழக்கம்தான். ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் பக்கத்து வீட்டு ஆணியில் தொங்க வேண்டும். எப்போதோ ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, கதவை உடைக்க ஆள் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதிலிருந்து இப்படி. என் வாசலுக்குப் பின்னால் அந்த ஆணியைப் பார்த்தீர்களா, காலியாக இருக்கிறதே, அதுதான் உங்கள் ஆணி.

இன்னொன்றும் கேட்டீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார், ஆனாலும் படுக்கையறைச் சுவரில் தரைக்குச் சற்று மேலே சின்னச் சின்னதாகப் பள்ளம் விழுந்திருக்கிறதே, எலியா என்று. எலி இல்லை. மூக்குக் கண்ணாடிப் பெட்டி. இரும்பில் செய்த பழைய மாதிரிப் பெட்டி, மூடும்போது டப்பென்று சத்தம் வருமே, அது. உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவளுடையது.

நான் எதையும் மறைத்து வைக்கத் தெரியாதவள். முதுகுக்குப் பின்னால் என்னை ரேடியோ என்பார்கள். ஒரு விஷயம் காலையில் என் காதில் விழுந்தால் மதியத்துக்குள் மொட்டைமாடி வரை போய்விடும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இத்தனை காலமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டடத்திலேயே பெரிய செய்தி என்னிடம்தான் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது என்றால் அது எப்படிப்பட்ட நரகம் என்று உங்களுக்குப் புரியாது. நீங்கள் புது ஆள். இன்னும் யாரோடும் பழகவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இருட்டறையில் உட்காரவைத்து, சுவரில் எழுத்தைக் காட்டி, இது தெரிகிறதா அது தெரிகிறதா என்று கேட்கும் வேலை. தனியாகத்தான் இருந்தாள். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அவள் வந்ததிலிருந்து எனக்கு ஒரு நஷ்டம். இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறவளிடம் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள் போலிருக்கிறது. மேல்மாடி பஸ் டிரைவர் அடிக்கடி அவள் கடைக்குப் போய் வந்தார். நான் சும்மா இருக்க முடியாமல், அவர் எதற்கு அங்கே வருகிறார் என்று அவளிடமே கேட்டேன்.

"கண்ணாடிக் கடைக்கு எதுக்குக்கா வருவாங்க, காய்கறி வாங்கவா?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. முன்பெல்லாம் படியேறும்போது என் வாசலில் நின்று நாலு வார்த்தை கொட்டிவிட்டுப் போகிறவர்கள், அவளுடைய கதவுக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் கதவைத் திறந்து பார்ப்பதற்குள் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

பிறகு ஒருநாள் முற்றத்தில், குழாயடியில். கறிக்கடை அண்ணன் அவளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாரே என்று யதார்த்தமாகத்தான் ஆரம்பித்தேன். கறிக்கடை அண்ணன் கீழ்வீட்டில் இருப்பவர், மனைவி இறந்து தனியாக இருப்பவர். அவர் யாருக்கும் பை தூக்கி நான் பார்த்ததில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரி துணியைப் பிழிந்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"அக்கா, ரேடியோவக் கொஞ்ச நேரம் அணைச்சு வைங்களேன். சூடாகிடப் போகுது."

குழாயடி மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைவிடச் சத்தமாக யாரும் சிரிக்கவில்லை. முகத்துக்கு நேராக அந்தப் பெயரை ஒருவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அதன்பிறகு மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது. நான் இதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மனதில் வைத்துக்கொள்ளும் வழக்கமே எனக்குக் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு, தாமதமாக என்றாலும், சாவியை என்னிடம்தான் கொடுத்தாள். வழக்கம் அது, சுவருக்கு இந்தப் பக்கம் நான்தானே. ஆனால் மற்றவர்களைப் போல ஆணியில் மாட்டிவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்து பேசினாள், இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில். அவள் கூடப்பிறந்த அண்ணன் வீடு காட்டோரத்தில் இருக்கிறதாம். அங்கே தங்கியிருந்தபோது காலில் உண்ணி கடித்ததாம். அதிலிருந்து மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி எதுவும் உடம்புக்கு ஆகாதாம். தின்றால் மூச்சே அடைத்துவிடுமாம்.

நீங்களே சொல்லுங்கள். உண்ணி கடித்தால் நாய் சொறியும். மாட்டுக்கறி ஆகாமல் போகும் என்று நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? அதுவும் பால் குடிக்கிறாள், ரொட்டியில் வெண்ணெயை அப்பித் தின்கிறாள். பால் மட்டும் எந்த மரத்தில் காய்க்கிறதாம்? சிலருக்கு இப்படி ஒரு ஆசை. நாலு பேர் சாப்பிடும் இடத்தில் தனக்கு மட்டும் தனித்தட்டு வர வேண்டும், எல்லோரும் ஏன் என்று கேட்க வேண்டும்.

நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அப்படியா அம்மா, பாவமே என்றேன். அவள் ஒரு சின்ன நீலப் பையையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்தாள். அதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது தலையணைக்கு வருவோம். ஹோட்டல்களில் ஸ்டேக் என்று மாட்டிறைச்சியில் ஒரு துண்டைச் சுட்டுத் தட்டில் வைத்துக் கொடுப்பார்களே, அதையே ஒரு கட்டடத்துக்கு முழுக்க ஒன்றாகப் போட்டால் எப்படி இருக்கும்? மழை ஓய்ந்து முற்றம் காய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை அண்ணன் அதைச் செய்வார். மாட்டு முதுகின் நல்ல தசை, நீளமான எலும்போடு. அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வருவதைப் பார்த்து யாரோ தலையணை என்று சொல்லப்போய், அதுவே பெயராகிவிட்டது. பாதியாக அறுத்த இரும்பு டிரம், அதில் கரி, மேலே கம்பி வலை. கல் உப்பை அப்பி, தணல் சாம்பல் பூத்த பிறகுதான் வைப்பார். திருப்புவதற்கே இரண்டு ஆள் வேண்டும். அடியில் ஒரு ஓரமாகத் தட்டு வைத்து வடிகிற கொழுப்பைப் பிடிப்போம். வெங்காயத்தாளைக் கட்டாகக் கட்டி அந்தக் கொழுப்பில் தோய்த்து மேலே தடவிக்கொண்டே இருக்க வேண்டும். தடவுவது நான். இறக்கிய பிறகு யாரும் கிட்டே வராமல் காவல் நிற்பதும் நான்.

அந்த வருஷம் கறிக்கடை அண்ணன் குழாயடிப் பக்கம் ஒரு சின்ன அடுப்பைத் தனியாகப் போட்டார். புதுக் கம்பி வலை. புது இடுக்கி. அதைச் சோப்புப் போட்டு வேறு கழுவினார். பஸ் டிரைவர் பார்த்துவிட்டு, "அண்ணே, அதுல என்ன வைரமா சுடப்போறீங்க?" என்று கேட்டார். அண்ணன் காது மடல் சிவந்துபோனது. எனக்குத்தான் அது தெரியும். கண்ணாடிக்காரி உருளைக்கிழங்கை வாய் பிளந்து, வெண்ணெய் வைத்து, அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். எங்கள் நெருப்பின் புகைகூட அதன்மேல் படக்கூடாது என்று அண்ணன் அதைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வைத்தார். இத்தனை வருஷம் கொழுப்புத் தடவியிருக்கிறேன், எனக்கு ஒரு கரண்டி கழுவிக் கொடுத்ததில்லை அந்த மனிதர்.

பிறகு என்னிடம்தான் வந்தார். "அக்கா, இந்த அடுப்புப் பக்கம் யாரும் கை வைக்காமப் பாத்துக்குங்க. பசங்க தெரியாம அதே கரண்டியப் போட்டுடுவாங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டும்தான் இருந்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

தலையணையை இறக்கிப் பலகையில் வைத்ததும் முற்றமே அதைச் சுற்றி நின்றது. அந்த நேரம் எப்படி இருக்கும் தெரியுமா, எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும். கொழுப்பு இன்னும் மேலே பொரிந்துகொண்டிருக்கும். யாரும் பேசமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கட்டடம் இடிந்தாலும் திரும்பமாட்டார்கள். கண்ணாடிக்காரியும் கூட்டத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தான் தின்னப்போவதில்லை என்றாலும். கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள் என்று எல்லோரையும் ஓரடி பின்னால் தள்ளிவிட்டு, கொழுப்புத் தட்டைக் கழுவப்போவது போல எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன்.

தாளைப் பிரித்தேன். ஒரு கரண்டி ஊற்றினேன். ஒரு சொட்டு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் என் பழக்கம். ஒரு கரண்டி. அதில் பாதி வெளியே வழிந்துவிட்டதால் இன்னொரு கரண்டி. வெண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தாளை எப்படி மடித்திருந்தாளோ அப்படியே மடித்தேன். கைத்திறமை உள்ளவள் அவள், ஓரங்களைச் சின்னக் கொசுவமாக மடித்திருந்தாள். அதையும் அப்படியே செய்தேன்.

இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. உறுதி செய்யாத செய்தியை நான் பரப்புவதில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. அவள் தின்றுவிட்டு எப்போதும் போல மறுநாள் கடைக்குப் போனால், குழாயடியில் நான் பேசுவேன், அவள் கேட்பாள். அவ்வளவுதான் கணக்கு. நான் செய்தது சரிபார்த்தல். வேறு பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அவள் முழுசாகத் தின்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, தாளில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றாள்.

"இன்னிக்குக் கிழங்கு என்னவோ ரொம்ப ருசியா இருக்குக்கா."

"புகை ஏறியிருக்கும்" என்றேன்.

அவள் எதிரே கறிக்கடை அண்ணன் அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் தட்டைத் தொடாமல். அவளுக்கு இருமல் இல்லை, அரிப்பு இல்லை, மூச்சு அடைக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்தாள், கூட்டிப் பெருக்க உதவினாள், பஸ் டிரைவர் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்குச் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. பஸ் டிரைவரிடம், நாளைக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், கேட்டால் அசந்துபோவீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இதுவரைக்கும் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் நிற்பீர்கள். தின்றாள், ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு எப்போதோ ஆனதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆனால் உள்ளதை உள்ளபடி என்று சொல்லிவிட்டேன். நீலப் பையைக் கொடுத்த அன்று அவள் இன்னொன்றும் சொன்னாள். இது உடனே வராதாம். மற்ற ஒவ்வாமை போல இல்லையாம். தின்று பல மணி நேரம் கழித்து, எதைத் தின்றோம் என்றே மறந்துபோன பிறகுதான் வருமாம்.

"அதனாலதான்கா பயமே. வரும்போது தனியா இருப்பேன். எங்கிட்ட ஒரு ஊசி இருக்கு, பேனா மாதிரி, தொடையில அழுத்தினாப் போதும். சில சமயம் ஒண்ணு பத்தாது. ரெண்டாவது உங்ககிட்ட இருக்கட்டும். பேச்சு வராமப் போயிடும், அதனால சுவத்துல மூணு தட்டு தட்டுவேன். நீங்க திறந்துட்டு வந்து குத்திடுங்க. ரேடியோன்னு கிண்டல் பண்ணினேன்னு மனசுல வச்சுக்காதீங்க. இந்தக் கட்டடத்துல ஒரு சத்தம் கேட்டா முதல்ல எழுந்து வர்ற ஆள் நீங்கதான்."

அப்படித்தான் சொன்னாள். கெட்டிக்காரிதான், ஆளைச் சரியாக எடை போட்டிருந்தாள்.

தலையணை தின்ற மத்தியானம் இந்தக் கட்டடமே குறட்டை விடும். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, நான் படுக்கவில்லை என்பதுதான் சரி. கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தி, மேலே உட்கார்ந்து, கிழிந்த தலையணை உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தம். இடி இடித்தால் யாரோ கதவைச் சாத்தினார்கள் என்பார். நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்கும், பல வருஷமாக அவர் இடம் அதுதான்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது மூன்று தட்டு கேட்டது.

நான் எழுந்தேன். இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று தட்டுக்கு நான் எழுந்தேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன், நீலப் பையை எடுத்தேன், வாசல் வரைக்கும் போனேன். வாசலில் நின்றபோதுதான் யோசனை வந்தது.

அவள் நடிக்கிறாள் என்றால், கதவைத் திறந்ததும் கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பாள். ரேடியோ எவ்வளவு வேகமாக ஓடி வருகிறது என்று பார்த்தேன் என்பாள். அது ஒரு வாரம் குழாயடியில் ஓடும். அவள் நடிக்கவில்லை என்றால் அது இன்னும் மோசம். நான் குத்துவேன், அவள் பிழைப்பாள். டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். உருளைக்கிழங்கு என்பாள். கறிக்கடை அண்ணன் அடுப்பைக் கழுவியவர், இடுக்கியைக் கழுவியவர். யாரைக் காவல் வைத்தோம் என்று யோசிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்துக்குச் செய்தி சொன்னவள் நான். நானே செய்தியாக வேண்டுமா?

கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மறுபடியும் மூன்று. கையால் தட்டுகிற சத்தம் இல்லை, இரும்புச் சத்தம். இந்தத் தடவை சுவரில் கீழே கேட்டது, முழங்கால் உயரத்தில். என் வீட்டுக்காரர் பேப்பரை மடியில் இறக்கினார்.

"யாரோ சுவத்தத் தட்டுறாங்க பாரு. முதுகுல அதிருது."

"பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறா. படம் மாட்ட" என்று அவர் காதில் கத்தினேன்.

"இவ்வளவு கீழயா?"

"சின்னப் படம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் மடியில் இருந்த சாவியையும் பார்த்தார். பிறகு பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கம் புரளவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு தட்டுதான் வந்தது. மூன்று என்றுதான் எங்களுக்குள் பேச்சு. இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது வரும் என்று காதைச் சுவரில் வைத்துக் காத்திருந்தேன். சுவர் சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தம் இருந்தது, நனைந்த துணியை மெதுவாக இழுப்பது மாதிரி. பிறகு அதுவும் இல்லை. தெருவிளக்கு எரிந்தது. மூன்றாவது வரவே இல்லை.

நன்றாக உறுதி செய்துகொண்ட பிறகுதான் போனேன். நீலப் பையை அலமாரியில் வைத்துவிட்டு, சாவியோடு மட்டும் போனேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சல் மொட்டைமாடி வரை கேட்டதாம். அந்தக் கூச்சல் நடிப்பில்லை; அவள் கண்கள் சுவரைப் பார்த்தபடி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். கையில் கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் அவளுடைய ஊசி, பயன்படுத்தியது. ஒன்று பத்தவில்லை. சரியாகத்தான் சொல்லியிருந்தாள். உண்ணி விஷயத்தையும் டாக்டர் உண்மைதான் என்றார். அப்படி ஒன்று இருக்கிறதாம். உலகத்தில் என்னென்னவோ இருக்கிறது.

எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். நல்ல தூக்கத்தில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. தலையணை தின்ற மயக்கத்தில் அவர்களும் தூங்கியவர்கள்தானே. பஸ் டிரைவர் மட்டும் சில நாள் கழித்து, ஏதோ விஷயம் சொல்றேன்னீங்களே அக்கா என்று கேட்டார். மறந்துபோச்சு என்றேன். அவர் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று அன்று அவரே என்னிடம் சொன்னார். அவள் இருந்தவரை அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான். எனக்கு அதில் ருசியே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

கறிக்கடை அண்ணன் கடையைச் சாத்திவிட்டார். இப்போது எங்கேயோ கிடங்கில் மூட்டை எண்ணுகிறார். கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். "நல்லாத்தான்கா கழுவினேன். இடுக்கியா, வலையா, எதுல ஒட்டியிருந்துச்சுன்னே தெரியல. என் கையாலதான் போயிட்டா" என்றார். அப்படியெல்லாம் நினைக்காதீங்க, விதி என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். கஞ்சியை முழுசாகக் குடித்தார். நான் வாரத்துக்கு ஒரு முறை கொண்டுபோகிறேன். மனிதர்களுக்கு ஒரு துணை வேண்டும் இல்லையா.

என் வீட்டுக்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டார். அங்கே காற்று வருகிறதாம். அந்த ஜன்னலில் காற்று வந்து நான் பார்த்ததே இல்லை. என்னிடம் அவர் பேசுவது குறைந்துவிட்டது. அதிகம் பேசியவரும் இல்லை. நான் தைக்க உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. தினமும் வெளிச்சம் மங்கும்போது வரும். பழைய கட்டடம், தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும், அதுதான். குழாய்க்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அந்தச் சுவரில் குழாயே போகவில்லை என்கிறார்; அவருக்கு வேலை தெரியாது. இரண்டு தட்டு வரும். நான் சாவியைத் தேடுவேன். ஆணியில் சாவி இருக்காது, அந்த வீடு காலியானதும் சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெறும் ஆணியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காக நிற்பேன். ஒருநாள் வரும். மூன்றாவது வந்துவிட்டால் நான் போய்விடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றும் மூன்றாவது வந்திருந்தால் போயிருப்பேன்.

இதோ, இதுதான் அந்த நீலப் பை. திறந்து பாருங்கள், பேனா மாதிரித்தான் இருக்கிறது. தேதி முடிந்துவிட்டது, தூக்கிப்போட மனசு வரவில்லை.

எழுந்துவிட்டீர்களா? தேநீர் அப்படியே இருக்கிறது. கடலையை நீங்கள் தொடவே இல்லை. தட்டைத் தள்ளி வைத்தீர்கள், விரலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டீர்கள். நான் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் என்னிடம் சொல்லி வைப்பது நல்லது. வரும் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மறுபடியும் தலையணை போடுகிறோம், இந்தத் தடவை பஸ் டிரைவர் பொறுப்பு. கொழுப்புத் தடவ என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். வாருங்கள், எல்லோரோடும் பழகின மாதிரி இருக்கும்.

சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, நான் எங்கேயும் போகிறவள் இல்லை, நாளெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் தட்டினால் எனக்குக் கேட்கும். கட்டாயம் வருவேன். முதலில் கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான்.